கே5_1 எதைச் சொல்கிறது? சர்வே தரவை எக்ஸ்போர்ட் செய்யும்போது மாறிகளுக்குப் பெயர் வைப்பது

ஒரு சர்வேயில் ஐந்தாவது கேள்வி: "உங்கள் தெருவில் குடிநீருக்கு என்ன சிரமம்?" மக்கள் தங்கள் சொல்லில் பதில் சொல்கிறார்கள். அவற்றைப் படித்து, தாமதமாக வருகிறது என்றால் 1, உப்புக் கரிக்கிறது என்றால் 2, பக்கத்து வீட்டில் மோட்டார் வைத்து இழுக்கிறார்கள் என்றால் 3 என்று குறியீடு போடுகிறோம். ஒருவரே இரண்டு மூன்று சிரமங்களைச் சொல்வார். ஆகவே எஸ்பிஎஸ்எஸ், ஸ்டேட்டா போன்ற புள்ளியியல் மென்பொருளுக்கு எக்ஸ்போர்ட் செய்யும்போது இந்த ஒரு கேள்வி பல நெடுவரிசைகளாக, அதாவது மாறிகளாக, பிரியும்.

பிரிக்க இரண்டு வழி உண்டு. குறியீட்டுக்கு ஒரு நெடுவரிசை வைத்து, சொன்னவருக்கு 1, சொல்லாதவருக்கு 0 போடலாம். அல்லது சொன்ன வரிசைப்படி நெடுவரிசை வைத்து, முதலில் சொன்னதன் குறியீட்டை முதல் நெடுவரிசையிலும் அடுத்ததை இரண்டாவதிலும் எழுதலாம். இரண்டுக்குமே கே5_1, கே5_2 என்றுதான் பெயர் விழும். (கோப்பில் இவை ஆங்கில எழுத்தில் இருக்கும்.)

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம், அப்படியல்ல. முதல் முறையில் கே5_1 என்ற நெடுவரிசையில் 1 இருந்தால், அவர் தாமதத்தைச் சொல்லியிருக்கிறார். இரண்டாம் முறையில் அதே 1, தாமதத்தை முதலாவதாகச் சொன்னவரை மட்டும் காட்டும். உப்பை முதலில் சொல்லிவிட்டுத் தாமதத்தைப் பிறகு சொன்னவர் அந்த எண்ணிக்கையில் வரமாட்டார். அட்டவணை போட்டால் நம்பத் தகுந்த ஓர் எண்தான் வரும். பிழைச்செய்தி எதுவும் வராது. அதனால்தான் இந்தத் தவறு அறிக்கைவரை போய்ச் சேர்கிறது.

தீர்வு எளிது. குறியீட்டு நெடுவரிசைக்குக் கே5_சி01, சொன்ன வரிசைக்குக் கே5_எம்1 என நடுவில் ஓர் எழுத்தைச் சேருங்கள். குறியீட்டை இரண்டு இலக்கமாகவே எழுதுங்கள். இல்லாவிட்டால் அகரவரிசையில் 1க்கு அடுத்து 10 வந்து நிற்கும். "மற்றவை" என்பதற்கு எழுதிய வாசகத்துக்குக் கே5_ என்று தொடங்காத பெயர் கொடுங்கள், கே5டி போல. ஸ்டேட்டாவில் கே5_* என்று எழுதி, கே5_ எனத் தொடங்கும் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டும்போது அந்த எழுத்து நெடுவரிசையும் உள்ளே மாட்டினால் கணக்கு அங்கேயே நின்றுவிடும்.

இனி மென்பொருள்களின் விதிகள். எஸ்பிஎஸ்எஸ்ஸில் பெயர் 64 பைட் வரை போகலாம். ஸ்டேட்டாவில் 32 எழுத்து. சாஸ் என்ற இன்னொரு மென்பொருளிலும் 32தான், ஆனால் சாஸின் பழைய எக்ஸ்போர்ட் கோப்பு வடிவம் 8க்கு மேல் ஏற்காது. பழையதுதானே என்று விட முடியாது. அமெரிக்காவின் என்ஹேன்ஸ் உடல்நலக் கணக்கெடுப்பு தன் தரவை அந்த வடிவில்தான் வெளியிட்டு வந்திருக்கிறது. எட்டில் வெட்டினால், திருப்தி என்று பொருள்படும் நீண்ட ஆங்கிலச் சொல்லில் தொடங்கும் எல்லாப் பெயர்களும் ஒன்றாகிவிடும். வேறுபடுத்தும் பகுதியை முன்னால் வையுங்கள். பெயர் எண்ணில் தொடங்கக் கூடாது. புள்ளியியலுக்கான ஆர் மொழி, சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) வழக்கமான முறையில் வாசிக்கும்போது அப்படிப்பட்ட பெயரின் முன்னால் எக்ஸ் என்ற எழுத்தை ஒட்டிவிடும். எஸ்பிஎஸ்எஸ் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று பிரித்துப் பார்க்காது. ஸ்டேட்டாவும் ஆரும் பார்க்கும். எல்லாம் சிறிய எழுத்தாக இருப்பதே நல்லது.

தமிழிலேயே பெயர் வைக்கலாமே என்று தோன்றும். இடக் கணக்கைப் பாருங்கள். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். உயிர்மெய்யின் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். "குடிநீர்த்தட்டுப்பாடு" நமக்கு 11 எழுத்து, கணினிக்கு 21 குறி, 63 பைட். எஸ்பிஎஸ்எஸ்ஸின் 64இல் மிச்சம் ஒன்றே ஒன்று. அடிக்கோடும் 1உம் சேர்க்கக்கூட இடமில்லை. தமிழுக்குரிய இடம் மாறியின் லேபிள், அதாவது பெயரோடு சேர்த்து எழுதும் விளக்கம்.

கோபோடூல்பாக்ஸ் போன்ற, சர்வே படிவம் அமைத்துத் தரவு திரட்டும் கருவிகளில் இன்னொரு பொறி இருக்கிறது. எக்ஸ்போர்ட் பக்கத்தில் லேபிள்களைத் தலைப்பாக எடுக்கச் சொன்னால் முழுக் கேள்வியும் மாறிப் பெயராக வந்து உட்காரும். எக்ஸ்எம்எல் மதிப்புகளைத்தான் (படிவத்தில் நீங்கள் வைத்த குறும்பெயர்களை) தேர்ந்தெடுக்க வேண்டும். பல விடைக் கேள்விகளைத் தனித்தனி நெடுவரிசையாக எடுத்தால் கேள்விப் பெயருக்கும் விடைக்கும் நடுவே சாய்கோடு வரும்: கே5/1. சிஎஸ்வியை வாசிக்கும் ஸ்டேட்டாவுக்குச் சாய்கோடு ஆகாது; அதை நீக்கிவிட்டுக் கே51 என்று எழுதும். சர்வேயில் 51ஆம் கேள்வி இருந்தால் இரண்டும் மோதும். விடைகளுக்கு 1, 2 என்பதற்குப் பதில் படிவத்திலேயே சி01, சி02 என்று பெயர் கொடுத்தால் கே5சி01 என்று வரும், மோதாது.

நெடுவரிசைக்குள் 0 வேறு, வெற்றிடம் வேறு. கேள்வி கேட்கப்பட்டு அந்தச் சிரமம் இல்லை என்றால் 0. குழாய் இணைப்பே இல்லாததால் கேள்வி தாண்டப்பட்டிருந்தால் வெற்றிடம். வெற்றிடத்தையெல்லாம் 0 ஆக்கிவிட்டால் விழுக்காட்டின் அடித்தளம் பெருத்து, சிரமம் குறைந்ததுபோல் தெரியும்.

நல்ல பெயரிடலுக்கு முன்மாதிரி, பல நாடுகளில் ஒரே வடிவில் நடந்த டிஹெச்எஸ் மக்கள்தொகை, உடல்நலக் கணக்கெடுப்புகள். இந்தியாவின் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பும் அந்த வடிவில் வந்திருக்கிறது. பெண்களின் கோப்பில் வி012 என்றால் எந்த நாட்டிலும் வயது; வி025 என்றால் நகரமா கிராமமா. வீட்டு விவரம் ஹெச்வி என்றும், ஆண்கள் விவரம் எம்வி என்றும், அந்த நாட்டுக்கு மட்டும் உரிய கேள்வி எஸ் என்றும் தொடங்கும். பெயரில் பொருளே இல்லை, இடம் மட்டும்தான். படிக்க வறட்சியாக இருந்தாலும் கேள்வியின் வாசகம் திருத்தப்பட்டால் பெயர் பொய்யாவதில்லை.

ஆனால் பெயர் நிலைத்தால் மட்டும் போதாது. மாநிலத்தைக் குறிக்கும் வி024, இந்தியக் கணக்கெடுப்பின் நான்காம் சுற்றில் (2015-16) பெரும்பாலும் அகரவரிசை எண். தமிழ்நாடு 31, உத்தரப்பிரதேசம் 33. ஐந்தாம் சுற்றில் (2019-21) மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண் வந்ததால் தமிழ்நாடு 33. இரண்டு கோப்புகளையும் அப்படியே ஒட்டினால் 33இல் இரண்டு மாநிலங்களும் கலந்துவிடும். ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு கோப்பிலும் எண்ணை அதன் லேபிளாக மாற்றி, மாநிலப் பெயரைக் கொண்டே இணைக்க வேண்டும். உங்கள் சொந்தக் குறியீட்டுப் பட்டியலிலும் இதே ஒழுங்கு வேண்டும்: இரண்டு குறியீடுகளை ஒன்றாக்கினால், காலியான எண்ணை அடுத்த சுற்றில் வேறு விடைக்குக் கொடுக்காதீர்கள்.