தோற்ற ராத்திரியில் வீடியோ போடாதீர்கள்

ஐபிஎல் சீசன் வந்தாலே என்னிடம் கவுன்சிலிங்குக்கு வருபவர்களில் யூடியூபில் சொந்தமாக கிரிக்கெட் சேனல் நடத்தும் பையன்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். தூக்கம் கிடையாது, வீட்டில் யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுகிறார்கள். போன வாரம் வந்த தம்பி, சென்னை தோற்கும்போதெல்லாம் யாராவது ஒரு வீரரைக் கிழித்து வீடியோ போட்டே சேனலை வளர்த்தவர். ஒரே ஒரு முறை நிதானமாக ஆட்டத்தை அலசியிருக்கிறார், அதற்கு அவருடைய சப்ஸ்கிரைபர்களே அவர் அம்மாவை இழுத்துத் திட்டியிருக்கிறார்கள். அந்த கமெண்டுகளைக் காட்டும்போது அவருக்கு விரல் நடுங்கியது.

"மேடம், சண்டை இழுத்தாதான் வியூஸ் வரும்" என்று எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். சரி, வரும். யாருக்காக வருகிறது? அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினி 1976-இல் வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழக அணி ஜெயித்த பிறகு மாணவர்கள் அதன் பெயர் போட்ட உடைகளை அதிகம் அணிந்தார்கள். ஜெயித்தால் "நாம ஜெயிச்சோம்", தோற்றால் "அவங்க தோத்துட்டாங்க". தோற்ற ராத்திரியில் ரசிகன் பழிபோட ஆள் தேடுகிறான், நீங்கள் ஆளைக் காட்டிக் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். அவன் உங்கள் பேச்சுக்காக வரவில்லை. நாளைக்கு வேறு ஆள் கிடைக்காவிட்டால் உங்களையே பிடிப்பான். 2020-இல் சென்னை ஒரு ஆட்டம் தோற்றதற்கு தோனியின் ஐந்து வயது மகளை மிரட்டியதாகக் கைதானது 16 வயதுப் பையன். 2022-இல் அரியலூர் பக்கம் கோலியா ரோஹித்தா என்ற வாக்குவாதம் கொலையில் போய் முடிந்தது, கொன்றவரும் செத்தவரும் நண்பர்கள். இதற்குப் பிறகும் "சும்மா கன்டென்ட்தானே" என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

தோற்ற ராத்திரியில் கேமராவைத் தொடாதீர்கள், காலையில் ஸ்கோர்கார்டை வைத்துக்கொண்டு பேசுங்கள். கமெண்டைப் பார்க்க ஒரு நேரம் வையுங்கள், படுக்கையில் வேண்டாம். டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்), மாவட்ட லீக், பெண்கள் கிரிக்கெட், கபடி என்று பேச ஆளில்லாத களம் எவ்வளவோ கிடக்கிறது, அங்கே சேரும் கூட்டம் சிறியதுதான், ஆனால் உங்களை நம்பி வரும். ஒளிபரப்பு கிளிப்பைத் திருடிப் போடாதீர்கள், 90 நாளில் மூன்று காப்புரிமை ஸ்ட்ரைக் விழுந்தால் யூடியூப் சேனலையே தூக்கிவிடும். பணம் வைத்து ஆடும் ஆப் விளம்பரம் வேண்டவே வேண்டாம், 2025 ஆன்லைன் கேமிங் சட்டப்படி அது குற்றம்.

பெற்றோர்களே, "வெறும் கிரிக்கெட்டுக்கா இப்படி?" என்று கேட்காதீர்கள். அவனுக்கு அது வெறும் கிரிக்கெட் இல்லை. பையன் இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை என்றால் திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், அப்புறம் ஒரு ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள்.