‘நேட்டிவ்’ என்ற கட்டத்தைப் பார்த்ததும் எழுதிவிடாதீர்கள்

இந்த ஆண்டில் இது நான்காவது முறை. நான்கு பேரும் படித்தவர்கள். கையெழுத்துப் போடும் முன் படிவத்தை இரண்டு தடவை சரிபார்த்தவர்கள். மாட்டிக்கொண்டது ஒரே கட்டத்தில்.

கடைசியாக வந்தவர் ஐம்பது வயது தாண்டிய ஓர் அம்மா. குடியேற்ற விசாரணை, நான் தொலைபேசியில் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு இணைப்புக் கொடுத்தபோது விசாரணை தொடங்கி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அதுவரை வேறொருவர் அவருக்குத் தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். படிவத்தில் ‘நேட்டிவ் லாங்குவேஜ்’ என்ற இடத்தில் தெலுங்கு என்று இருந்தது, அதனால் தெலுங்கு தெரிந்தவரை ஏற்பாடு செய்துவிட்டார்கள். அந்த அம்மாவும் எல்லாவற்றுக்கும் ‘அவுனு, அவுனு’ என்று தலையாட்டியிருக்கிறார். ஒரு தேதியைச் சொல்லிக் கேட்டதற்கும் ‘அவுனு’, அதே சம்பவத்துக்கு வேறொரு தேதியைச் சொன்னபோதும் ‘அவுனு’ என்றதும்தான் அதிகாரிக்குச் சந்தேகம் வந்தது.

நான் ‘வணக்கம்மா’ என்றதும் அந்தப் பக்கம் ஒரு ‘அப்பாடா’ கேட்டது. ஏன் தெலுங்கு என்று எழுதினீர்கள் என்று கேட்டவர் அதிகாரி. (நாங்களாக ஒரு கேள்வியும் கேட்கக்கூடாது. வாயைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் இந்தத் தொழிலில் பாதி வேலை.) ‘ஸ்கூல் சர்டிபிகேட்ல தாய்மொழி தெலுங்குன்னுதான் சார் இருக்கு. வீட்லயும் அதான் பேசுவோம். ஆனா கோர்ட்டு, கேஸுன்னு பேசற தெலுங்கு எனக்கு எங்க தெரியும்?’

அவர் எழுதியதில் பொய் எதுவும் இல்லை. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி என்பதற்கு ஒரு வரையறை உண்டு: குழந்தைப் பருவத்தில் தாய் அந்த நபரிடம் பேசிய மொழி. தாய் சிறு வயதிலேயே இறந்திருந்தால், வீட்டில் முக்கியமாகப் பேசப்பட்ட மொழி. அந்த மொழி இன்று உங்களுக்கு வருகிறதா என்று அது கேட்பதே இல்லை. கனடாவின் கணக்கெடுப்பில் வரையறை வேறு: வீட்டில் முதலில் கற்றது, இன்னும் புரிவது. முதலில் கற்றது மறந்துபோயிருந்தால், இரண்டாவதாகக் கற்றதை எழுதச் சொல்கிறார்கள். ஆக, சின்ன வயதில் கேட்ட தெலுங்கை அடியோடு மறந்துவிட்ட ஒருவர் ஒரு நாட்டுக் கணக்கில் தெலுங்கர், இன்னொரு நாட்டுக் கணக்கில் தமிழர். இரண்டும் சரி. விசாரணை அலுவலகத்துக்கோ இந்த இரண்டுமே தேவையில்லை. எந்த மொழியில் கேட்டால் இவருக்குத் தெளிவாகப் புரியும் என்பதுதான் அவர்கள் அறிய வேண்டியது. அதை நேரடியாகக் கேட்காமல் ‘நேட்டிவ்’ என்று அச்சடித்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை.

சரி, இப்போது எனக்கு உண்மையிலேயே எரிச்சல் மூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். ‘நேட்டிவ் என்றால் பூர்வீகம்’. யார் சொல்லிக்கொடுத்தார்களோ, இது மூளையில் ஆணி அடித்தமாதிரி உட்கார்ந்திருக்கிறது. மொழிபெயர்ப்பு மென்பொருளும் இதையே கக்குகிறது, மனிதர்களும் அதை அப்படியே ஒட்டுகிறார்கள்.

ஒரு மருத்துவ அறிக்கை என்னிடம் சரிபார்க்க வந்தது. சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டவர். தமிழில் ‘நோயாளியின் பூர்வீகச் சிறுநீரகங்கள் சுருங்கியுள்ளன’ என்று எழுதியிருந்தது. பூர்வீகச் சிறுநீரகம்! தாத்தா எழுதிவைத்த சொத்து மாதிரி. ஆங்கில அறிக்கையில் ‘நேட்டிவ் கிட்னி’ என்றால் அவருடைய உடம்பிலேயே முதலிலிருந்து உள்ள சிறுநீரகம், அவ்வளவுதான். கொடையாளரிடமிருந்து வந்ததிலிருந்து பிரித்துக் காட்டச் சொல்வது. ‘அவருடைய சொந்தச் சிறுநீரகங்கள்’ என்றால் தீர்ந்தது. இதே சொல்லைப் ‘பிறவி’ என்று போட்டிருந்தால் இன்னும் ஆபத்து: பிறவிக் குறைபாடு என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். இதய வால்வுக்கும் இதே கதைதான்.

பூர்வீகம் என்பது முன்னோரைப் பற்றிய சொல். உங்கள் பாட்டன் முப்பாட்டன் எங்கே இருந்தார்கள் என்பதைச் சொல்லும். நீங்கள் எங்கே பிறந்தீர்கள் என்பதைச் சொல்லாது. எந்த மொழி சரளமாக வரும் என்பதையும் சொல்லாது. ஒரு செயலி எந்தக் கருவிக்கென்றே எழுதப்பட்டது என்பதைக் கட்டாயம் சொல்லாது (‘பூர்வீகச் செயலி’ என்றும் பார்த்துவிட்டேன்). ஒரு மரம் இந்த மண்ணுக்குரியதா என்று சொல்லவும் அது வேண்டாம், ஏனென்றால் அதற்குத் தமிழில் அழகான சொல் ஏற்கெனவே இருக்கிறது: ‘நாட்டு’. நாட்டு மாடு, நாட்டுக் கருவேலம். எதிர்ப்பக்கம் ‘சீமை’: அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம் சீமைக் கருவேலம். ஆனால் இந்த ‘நாட்டு’ மனிதர்கள்மேல் ஒட்டாது. ‘நாட்டு அமெரிக்கர்’ என்று எழுதினால் சிரிப்பார்கள்.

அதாவது, ஆங்கிலத்தின் ஒரே சொல் செய்கிற வேலையைத் தமிழில் ஆறேழு சொற்கள் பங்குபோட்டுச் செய்கின்றன: தாய்மொழி, சொந்த ஊர், பூர்வீகம், நாட்டு, உள்ளூர், பூர்வகுடி, இன்னும் சில. அந்த ஆங்கிலச் சொல்லோ லத்தீனில் பிறப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. வெள்ளந்தி என்று பொருள்படும் ‘நயீவ்’ அதன் கூடப்பிறந்தது. ஒரே சொல்லால் எல்லாவற்றையும் மொழிபெயர்த்துவிடலாம் என்று நம்புகிறவர்களுக்கு அந்த இரண்டாவது சொல் நன்றாகவே பொருந்தும்.

மற்ற மொழிகளும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு முனையைப் பிடித்திருக்கின்றன. ஜெர்மனில் தாயின் மொழி, துருக்கியில் தாயின் மொழி, ஹங்கேரியனில் தாயின் மொழி. இதைப் பார்த்துவிட்டு உலகமே தாய் பக்கம் என்று முடிவுகட்டினால் போலந்துக்காரர் நிற்கிறார்: அவர்களுடைய ‘யென்ஸிக் ஓய்ச்சிஸ்தி’ தந்தையிடமிருந்து வருகிறது, தந்தையர் நாடு என்பதற்கான சொல்லோடு சேர்ந்தது. ரஷ்யன் அம்மாவையும் விட்டது, அப்பாவையும் விட்டது. ‘ரத்னோய்’ மொழி என்றால் குலத்துக்குரிய, உறவான மொழி. இதுவரை சேதாரம் ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் ‘தாய்மொழி’ என்று எழுதிவிட்டுப் போகலாம்.

சேதாரம் ஜப்பானியத்தில் தொடங்குகிறது. அங்கே இரண்டு சொற்கள்: ‘போகோ’ தாய்மொழி, ‘போகோகுகோ’ தாய்நாட்டு மொழி. ஜப்பானிலேயே பிறந்து வளர்ந்த கொரிய வம்சாவளியினர் ஒருவருக்கு முதலாவது ஜப்பானியமாகவும் இரண்டாவது கொரியனாகவும் இருக்கலாம். பேச்சில் பலர் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். படிவத்தில் கலந்தால் என்ன ஆகும் என்று அந்த அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.

ஊர் விஷயம் இன்னும் மோசம். தமிழில் நாம் ‘உங்க நேட்டிவ் எது?’ என்று பெயர்ச்சொல்லாகவே ஆக்கிவிட்டோம். பிறந்தது ஓர் ஊர், வளர்ந்தது ஓர் ஊர், தாத்தாவின் வீடு இருப்பது இன்னோர் ஊர் என்றால், மூன்றாவதைத்தான் பெரும்பாலும் பதிலாகச் சொல்கிறோம். கால் வைத்தே இராத ஊராகக்கூட இருக்கலாம். பேச்சுக்குச் சரி. அதையே ‘பிறந்த இடம்’ என்ற கட்டத்தில் எழுதிவிட்டு, பிறப்புச் சான்றிதழில் வேறு ஊர் இருக்க, ‘சார், ரெண்டும் எங்க ஊருதான்’ என்று என்னிடம் விளக்குகிறார்கள். நான் என்ன செய்ய? ஆவணத்தில் இருப்பதைத்தான் மொழிபெயர்க்க முடியும்.

நம்முடைய இந்தப் பழக்கத்துக்குச் சீனத்தில் நெருங்கிய சொந்தம் உண்டு. அங்கே படிவங்களில் ‘ஜிகுவான்’ என்று ஒரு கட்டம் இருக்கும். பொதுவாகத் தாத்தா இருந்த ஊரை எழுதுவார்கள். பிறந்த இடத்துக்குத் தனிக் கட்டம். இங்கேதான் ‘பூர்வீகம்’ கச்சிதமாக உட்காரும், ஆசை தீரப் போட்டுக்கொள்ளுங்கள். போர்த்துகீசியப் படிவத்திலோ ‘நாதுராலிதாதி’ என்று வரும். பார்த்தால் ‘நேச்சுரல்’ மாதிரி இருக்கிறதே என்று ‘இயல்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது பிறந்த ஊர். ஸ்பானியத்தில் ‘நாத்துரால் தெ’ என்றாலும் இன்ன ஊரைச் சேர்ந்தவர் என்றுதான் பொருள். கிரேக்கத்தில் ‘இதயெனிஸ்’ என்றால் மண்ணின் பூர்வகுடி. அதிலிருந்து வந்த ‘இதயெனியா’ இன்றைக்குக் குடியுரிமை. ஒரு எழுத்து தள்ளிப் படித்தால் ஆளுடைய சட்ட நிலையே மாறிவிடும்.

மண்ணோடு சேர்த்துச் சொல்லும் மொழிகளைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசலாம். கொரியனில் ‘தோபாகி’, மண்ணில் ஊன்றியவர். துருக்கியில் ‘யெர்லி’, இடத்துக்குரியவர். கடையில் உள்நாட்டுப் பொருளுக்கும் அதே சொல். நியூசிலாந்துப் பூர்வகுடிகளின் மாவோரி மொழியில் ‘தாங்கதா ஃபெனுவா’, மண்ணின் மக்கள். அந்த ‘ஃபெனுவா’வுக்கு நிலம் என்றும் பொருள், நஞ்சுக்கொடி என்றும் பொருள், குழந்தையின் நஞ்சுக்கொடியை மண்ணில் புதைப்பது அவர்கள் வழக்கம். தொப்புள்கொடி உறவு என்று பேசுகிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆனால் ‘தாங்கதா ஃபெனுவா’வை வெறும் ‘உள்ளூர்வாசிகள்’ என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

ஏனென்றால் இங்கே வந்துவிட்டால் அது வெறும் சொல் விவகாரம் இல்லை, சட்டம். ஹவாய் மொழியில் ‘கமாஐனா’ என்றால் மண்ணின் பிள்ளை. இன்று அங்கே நெடுநாள் குடியிருப்பவர் எந்த இனத்தவராக இருந்தாலும் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். ‘நேட்டிவ் ஹவாயியன்’ என்பது அப்படி இல்லை, அது அந்தத் தீவுகளின் ஆதி மக்களின் வழிவந்தவர். அங்கே பிறந்த உங்கள் பேத்தி ‘நேட்டிவ் ஹவாயியன்’ கட்டத்தில் டிக் அடிக்கக்கூடாது. அடித்த ஒரு தாத்தாவை எனக்குத் தெரியும். அமெரிக்கப் படிவங்களில் ‘அமெரிக்கன் இந்தியன் அல்லது அலாஸ்கா நேட்டிவ்’ என்று ஒரு கட்டம் உண்டு, அது அந்தக் கண்டத்தின் பூர்வகுடிகளுக்கானது. இந்தியாவிலிருந்து போய் அமெரிக்கர் ஆனவர் என்று நினைத்து அதில் கோடு போடுகிறார்கள்! உங்களுக்கானது ‘ஏஷியன் இந்தியன்’ அல்லது ‘ஏஷியன்’. மலேசியாவிலும் கவனம்: பூமிபுத்ரா (மலாய்க்காரர்களையும் பூர்வகுடிகளையும் சேர்த்துச் சொல்வது), ஓராங் அஸ்லி (தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடிகள்), சபா, சரவாக் மாநிலங்களின் ‘அனாக் நெகிரி’ (ஆங்கிலத்தில் ‘நேட்டிவ்’) மூன்றும் ஒன்றில்லை. அரசியலமைப்பின் 161ஏ பிரிவில் அந்த ‘நேட்டிவ்’ யார் என்பதற்குத் தனி விளக்கமே இருக்கிறது. மூன்றையும் ‘மண்ணின் மைந்தர்’ என்று எழுதிவிட்டு என்னிடம் முத்திரை கேட்காதீர்கள்.

ஆங்கிலத்தில் இதற்கு ஒரு சின்ன உதவி உண்டு: பெரிய எழுத்தில் தொடங்கினால் பெரும்பாலும் பூர்வகுடி மக்கள், சிறிய எழுத்தில் தொடங்கினால் சாதாரணப் பொருள். தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை. அதனால் வேறு வேறு சொல்லாகத்தான் எழுதியாக வேண்டும். முடிந்தால் அந்த மக்களின் பெயரையே எழுதுங்கள், நவஹோ என்ற அமெரிக்கப் பூர்வகுடி என்றால் நவஹோ. ‘பழங்குடி’ என்று எழுதும்போதும் யோசியுங்கள். இந்தியாவில் அது பட்டியல் பழங்குடியினர் என்ற சட்ட வகையை நினைவூட்டிவிடும்.

வேலை கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும்’ என்று விளம்பரம் போடுகிறீர்கள். ரஷ்யனில் இதற்கு மொழியைச் சுமப்பவர் என்று பொருள்படும் சொல் இருக்கிறது, எனக்குப் பிடித்தது. சுமப்பவர் எல்லாரும் ஒப்பந்தம் எழுதத் தெரிந்தவர்கள் என்று யார் சொன்னது? பிறந்ததிலிருந்து தமிழ் பேசுகிறவர் என்பதற்காக ஒரு பையனிடம் மருந்துச் சீட்டுக் குறிப்பை மொழிபெயர்க்கக் கொடுத்திருந்தார்கள். ‘சாப்பாட்டுக்கு முன்’ என்பது ‘சாப்பாட்டுக்கு முன்னால் வைத்து’ என்று ஆகியிருந்தது. உங்களுக்கு வேண்டியது எந்த அளவு எழுத்துத் திறமை, எந்தத் துறை அனுபவம் என்று எழுதுங்கள். பிறப்பை விட்டுவிடுங்கள்.

படிவம் நிரப்புகிறவர்களே, தயவுசெய்து. மொழி பற்றிய கட்டம் என்றால், மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்வதற்காகக் கேட்கிறார்களா என்று பாருங்கள். அப்படியென்றால் உங்களுக்கு நன்றாகப் புரியும் மொழியை எழுதுங்கள், சான்றிதழில் என்ன இருந்தாலும் சரி. வீட்டு மொழி வேறு என்றால் இரண்டையும் எழுதி எது எதற்கு என்று ஒரு வரி சேருங்கள். இடம் இல்லையென்றால் ஓரத்தில் எழுதுங்கள். விசாரணையில் புரியாத மொழியில் பேசினால் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள், மரியாதைக்காகத் தலையாட்டாதீர்கள். அந்தத் தலையாட்டல் பதிவாகிவிடும். ஊர் என்றால் பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். இனம் என்றால் விளக்கக் குறிப்பைப் படிக்காமல் தொடாதீர்கள்.

அப்புறம், வாட்ஸ்அப்பில் ‘நேட்டிவ்னா தமிழ்ல என்ன?’ என்று ஒற்றைச் சொல்லை அனுப்புகிறவர்களுக்கு: என்னிடம் பதில் இல்லை. முழுப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் குறிப்பு இருக்கும், அதையும் சேர்த்து.