சைலன்சர் மாற்றும் முன்: புகைப் பரிசோதனையும் ஒலி விதியும்

மலையகத்தில் வேகமான கார் ஒன்றைச் சொந்தமாக்கிக்கொள்ளும் இளைஞர்கள் பலர் முதலில் மாற்ற நினைப்பது சைலன்சரைத்தான். ஆனால், குழாய்க்குப் பணம் கொடுக்கும் முன் இலங்கையில் அதனோடு தொடர்புடைய இரண்டு விதிகளை வேறுபிரித்து அறிந்துகொள்ள வேண்டும். ஒன்று ஆண்டுக்கு ஒருமுறை வரும் புகைப் பரிசோதனை. மற்றையது, வாகனம் பாதையில் ஓடும் ஒவ்வொரு நாளும் பொருந்தும் சைலன்சர் விதி. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி, "புகைச் சான்றிதழ் இருக்கிறதே, பிறகென்ன?" என்று கேட்பவர்களே பெரும்பாலும் வீதியில் மறிக்கப்படுகிறார்கள்.

முதலில் புகையைப் பார்ப்போம். வாகனத்தின் வருமான அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிப்பதற்குக் காப்புறுதிச் சான்றிதழுடன் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் தேவை. 2008ஆம் ஆண்டில் தொடங்கிய இத்திட்டத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் மேற்பார்வை செய்கிறது. பெற்றோல் காரை முதலில் மெதுவான ஓட்டத்திலும் பின்னர் எஞ்சினின் வேகத்தை உயர்த்தியும் வைத்து, வால்குழாய்க்குள் ஒரு கருவியைச் செருகி, வெளிவரும் காபன் மொனொக்சைட்டையும் எரியாத ஐதரோகாபன்களையும் அளக்கிறார்கள். டீசல் வாகனத்தில் புகையின் கருமை அளக்கப்படுகிறது. தேறாத வாகனத்தைத் திருத்திக்கொண்டு மீண்டும் பரிசோதனைக்குக் கொண்டுவரலாம். குழாயின் மூட்டுகளில் கசிவு இருந்தால் வெளிக்காற்று உட்புகுந்து அளவீட்டைப் பிழையாக்கிவிடும் என்பதால், மூட்டுகளை இறுக அடைக்கும் கேஸ்கட்டுகளை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பரிசோதனை சத்தத்தை அளப்பதற்கானது அன்று. சத்தம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தினதும் அதன் கீழான ஒழுங்குவிதிகளினதும் கீழ் வருகிறது. பாதையில் ஓடும் வாகனத்தில் நல்ல நிலையிலுள்ள சைலன்சர் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அதைக் கழற்றிவிட்டோ உள்ளே குடைந்தெடுத்துவிட்டோ ஓட்டினால் பொலிஸார் நடவடிக்கை எடுக்கலாம், வாகனம் மோட்டார் வாகனப் பரிசோதகரிடமும் அனுப்பப்படலாம். ஜப்பானிலிருந்து வரும் சில குழாய்களில் ஜஸ்மா (JASMA) என்னும் ஜப்பானியச் சைலன்சர் தயாரிப்பாளர் சங்கத்தின் முத்திரை இருக்கும். அது அந்த நாட்டு விதிக்கு ஏற்ப ஒலி அடக்கப்பட்டது என்பதற்கான அடையாளமாதலால், வாங்கும்போது நல்ல குறிப்பாகவே அதைக் கொள்ளலாம். ஆனால் அது இலங்கையில் அனுமதிச்சீட்டாகாது.

இவ்விரண்டு விதிகளுக்கும் நடுவில் இருப்பது கெட்டலிட்டிக் கொன்வேட்டர். எஞ்சினிலிருந்து வரும் நச்சு வாயுக்களை பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் பூசிய தேன்கூடு போன்ற பகுதியில் மாற்றி வெளியேற்றும் உறுப்பு இது. அந்த உலோகங்களுக்கு நல்ல விலை கிடைப்பதால், "அடைத்துக்கொண்டது, கழற்றினால் இழுவை கூடும்" என்று சொல்லி அதை எடுத்துவிடும் கராஜ்களும் இருக்கின்றன. என் தம்பியின் காருக்கும் அதுவே நேர்ந்தது. மேட்டில் ஏறும்போதெல்லாம் உள்ளே எரியாத பெற்றோல் வாடை வந்தது, புகைப் பரிசோதனையிலும் தேறவில்லை. காரை உயர்த்திப் பார்த்தால் கொன்வேட்டரின் வெளிக்கூடு இருந்த இடத்திலேயே இருந்தது. விரலால் தட்டியபோது வெறும் தகர டின் போல ஒலித்தது; வயிற்றுப்பக்கத்தில் வெட்டி மீண்டும் ஒட்டிய வெல்டிங் கோடு ஒன்றும் தெரிந்தது. அதனால்தான் சொல்கிறேன், கராஜில் எந்த உறுப்பைக் கழற்றினாலும் பழையதைக் கையில் கேட்டு வாங்குங்கள்.

ஆகவே வீதியில் ஓடும் காருக்கு, கொன்வேட்டரையும் அதன் முன்னும் பின்னும் புகையிலுள்ள ஒட்சிசனை அளக்கும் சென்சர்களையும் தொடாமல், அதற்குப் பின்னால் உள்ள குழாயையும் சைலன்சரையும் மட்டும் மாற்றுவதே என் அறிவுரை. குழாய் எவ்வளவு பெரிதோ அவ்வளவு வேகம் என்பது தவறான நம்பிக்கை. டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி) இல்லாத சிறிய எஞ்சினுக்கு மிகப் பெரிய குழாய் போட்டால் வாயுவின் ஓட்டம் மந்தமாகி, மேடேறத் தேவைப்படும் கீழ்வேக இழுவையே குறையும். ஹட்டன் பாதையின் வளைவுகளில் அதை உடனே உணரலாம். தோட்டப் பாதையில் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தடித்த குழாய் கீழே தொங்கினால் முதல் கல்லிலேயே மூட்டு விட்டுப்போகும்.

நமது மழையும் மூடுபனியும் குழாய்க்குப் பகை. குளிரில் குறுகிய தூரம் மட்டும் ஓடும் காரின் சைலன்சருக்குள் நீர் தேங்கி, உள்ளிருந்தே துரு அரிக்கும். எனவே சாதாரண இரும்பைவிடத் துருப்பிடிக்காத உருக்கே நல்லது. கடைக்காரர் அந்த உருக்கில் உயர்ந்த வகையான 304 தரம் என்று சொன்னால் ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள்; 304இல் காந்தம் இறுக ஒட்டாது. இறுகப் பிடித்துக்கொண்டால் அது பெரும்பாலும் மலிவான 409 தரம் அல்லது சாதாரண இரும்பு. 409 தரமும் பயன்படக்கூடியதே. ஆனால் 304இன் விலையை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு, டர்போ இல்லாத எஞ்சினின் பலமும் ஏறக்குறைய அதே அளவு குறைந்துவிடும். அதைச் சைலன்சரின் குற்றமென எண்ணிக் குழாயை மாற்றுவதால் போன பலம் திரும்பாது. பெற்றோலையும் காற்றையும் காபுரேட்டர் என்னும் உறுப்பில் கலக்கும் பழைய கார்களுக்கு இதில் வேறொரு சிக்கலும் உண்டு. கீழ்நாட்டில் டியூன் செய்த கார் மேலே வரும்போது காற்றுக்குப் பொருந்தாத அளவு பெற்றோலை இழுப்பதால் காபன் மொனொக்சைட் கூடி, பரிசோதனையில் தேறாமல் போகலாம். ஓடும் ஊரிலேயே டியூன் செய்துகொள்வதுதான் அதற்குப் பரிகாரம். பரிசோதனை நாளில் எஞ்சினைக் குளிரவிடாமல், இருபது நிமிடமாவது ஓட்டிவிட்டு நிலையத்துக்குள் செல்லுங்கள். ஏறக்குறைய 300 பாகை செல்சியஸ் சூடேறிய பின்னரே கொன்வேட்டர் ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கும்.

ஏப்ரல் காலத்து மலையேற்றப் போட்டிகளில், அனுமதியுடன் மூடப்பட்ட பாதையில் ஏற்பாட்டாளர்களின் விதிப்படி ஓடும் கார்களைப் பார்த்துவிட்டு அதே குழாயைத் தம் காரிலும் பொருத்த விரும்புவோர் உண்டு. போட்டிப் பாதைக்கு வெளியே வந்ததும் அந்தக் காருக்கும் பொது விதிதான். தோட்டத் தொழிலாளர் வாழும் நமது லயங்கள் பல பாதையை ஒட்டியே இருக்கின்றன; பள்ளத்தாக்கில் ஒரு காரின் இரைச்சல் எதிர்மலையில் பட்டுத் திரும்பிவரும். அதிகாலையில் கொழுந்து பறிக்கப் போக வேண்டியவர்கள் அங்கே தூங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய அசல் சைலன்சரைப் பழைய இரும்புக்காரரிடம் போடாமல், உள்ளிருக்கும் நீரை வடித்து, வாயைத் துணியால் அடைத்து, நனையாத இடத்தில் வையுங்கள். மறித்த பொலிஸார் புதிய குழாயைக் கழற்றச் சொன்னால் அன்றைக்கே மாட்டுவதற்கு அதுதான் உதவும்.