எடை இயந்திரத்துக்குத் தெரியாதது

ஒருவரின் எடை 70 கிலோ, உயரம் 165 சென்டிமீட்டர். உயரத்தை மீட்டரில் எழுதி, அதை அதனாலேயே பெருக்கினால் 2.72 வரும். எழுபதை இதனால் வகுத்தால் 25.7. இதுதான் பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறை குறியீட்டெண். 18.5க்குக் கீழே எடைக்குறைவு, 25 முதல் அதிக எடை, 30 முதல் உடல் பருமன் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. அந்தக் கணக்கில் இவர் கோட்டைத் தாண்டிவிட்டார். ஆனால் தாண்டியது கொழுப்பா தசையா என்பதை இந்த வகுத்தல் கணக்கு அறியாது.

உயரத்தின் வர்க்கம் எங்கிருந்து வந்தது என்பது சுவையான கதை. 150 சென்டிமீட்டர் உயரமும் 50 கிலோ எடையும் உள்ள ஒருவரை எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கி 180 சென்டிமீட்டர் ஆக்கினால், அவர் எடை 86 கிலோவாகிவிடும். நிஜத்தில் மனிதர்கள் அப்படி வளர்வதில்லை. உயரம் கூடும் அளவுக்கு அகலம் கூடுவதில்லை. வளர்ந்தவர்களின் எடை ஏறக்குறைய உயரத்தின் வர்க்கத்தை ஒட்டியே போகிறது என்று 1830களில் கண்டுசொன்னவர் பெல்ஜியத்தின் அடால்ஃப் கெட்லே. அந்தக் கணக்கில் 180 சென்டிமீட்டர்காரருக்கு 72 கிலோ போதும். கெட்லே மருத்துவர் அல்லர், வானியலாளர், புள்ளியியலாளர். அவர் தேடியது 'சராசரி மனிதனை', நோயாளியை அல்ல. 1972இல் அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ்தான் இதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். ஆயிரக்கணக்கானோரை ஒப்பிட மலிவான, எளிய கருவி. அந்த வேலையை இன்றும் நன்றாகவே செய்கிறது. தனியொருவரிடம் வரும்போதுதான் தடுமாறுகிறது.

2004இல் யாஜ்னிக், யட்கின் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் தங்களையே அளந்து வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்போ, பிரிட்டன்காரரான யட்கினுக்கு 9.1 சதவீதம், இந்தியரான யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! பக்கம் பக்கமாக எழுதி விளக்க வேண்டியதை இரண்டு உடல்கள் சொல்லிவிட்டன. தெற்காசியர்களுக்குக் குறைந்த பி.எம்.ஐ.யிலேயே நீரிழிவு தலைகாட்டுகிறது. ஆசிய மக்களுக்கு 23இலிருந்தே எச்சரிக்கை தேவை என்று அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும் பரிந்துரைத்தது.

கொழுப்பு எவ்வளவு என்பதைவிட எங்கே என்பது முக்கியம். தொடையிலும் இடுப்பிலும் தோலுக்கடியில் தங்கும் கொழுப்பு பெரும்பாலும் சாது. குடலைச் சுற்றி வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு அப்படியல்ல. அது கொழுப்பு அமிலங்களை ரத்தத்தில் அவிழ்த்துவிடுகிறது. அவை நேரே கல்லீரலுக்குப் போகின்றன. இன்சுலினின் பேச்சைக் கல்லீரல் கேட்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். குழந்தைகளுக்கு மேலே சொன்ன பி.எம்.ஐ. எல்லைகள் பொருந்தாது. வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற வளர்ச்சி வரைபடம் வேண்டும்.

வயிற்றுக் கொழுப்பை மதிப்பிட ஒரு நூல் போதும். உச்சியிலிருந்து பாதம் வரை அளந்து வெட்டி, இரண்டாக மடியுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை விட்டதும், வயிற்றை எக்காமல் சுற்றிப் பாருங்கள். மடித்த நூலின் இரு முனைகளும் சந்திக்க வேண்டும்.