மனம் புண்பட்டிருந்தால்...

2020 கொரோனா ஊரடங்கில் நாங்கள் கோண்டாவிலில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த நாட்களில், நியூயோர்க்கில் இருக்கிற சின்னம்மா இரவானால் வைபரில் எடுப்பார். பேச்சு எங்கே தொடங்கினாலும் அங்குள்ள ஆளுநர் அன்ரூ குவோமோவில் வந்து நிற்கும். ஆஸ்பத்திரியில் எத்தனை பேர், இறந்தவர்கள் எத்தனை பேர் என்று அந்த மனிதர் ஒவ்வொரு நாளும் ரீவியில் விளக்கிக்கொண்டிருந்தார். அப்படி 111 நாள். அந்தப் பேச்சுக்காகவே அந்த நவம்பரில் அவருக்குச் சர்வதேச எமி விருதும் கிடைத்தது. “வீட்டுக்கு மூத்த ஆம்பிளை பேசுற மாதிரி இருக்குப் பிள்ளை” என்பார் சின்னம்மா.

அடுத்த வருசம் அதே ஆளுநர் மேல் பெண்கள் ஒவ்வொருவராகப் புகார் சொல்லத் தொடங்கினார்கள். சின்னம்மாவின் குரலில் கோபம். “பாவம் அந்த மனுசன், எல்லாரோடையும் அப்பிடித்தான் பழகிறவர். இவையள் ஏன் அப்பவே சொல்லேல்லை?”

யாழ்ப்பாணத்தில் உளவளத்துணை செய்கிறவள் நான். சின்னம்மா சொன்ன இந்த இரண்டு வசனங்களையும் என் அறையில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சொல்பவர் அதிபராக இருப்பார், கோயில் நிர்வாகத்தில் ஒருவராக இருப்பார், சில வேளை பாதிக்கப்பட்ட பிள்ளையின் சொந்தத் தாயாகவே இருப்பார். அதனால் நியூயோர்க் விவகாரத்தை அரசியலுக்காகப் பார்க்காமல் பேச்சுக்காகப் பார்க்கத் தொடங்கினேன். அங்கே எல்லாம் எழுத்திலும் ஒளிப்பதிவிலும் கிடக்கிறது. எங்கள் ஊரில் இதெல்லாம் படலையடியில் நடந்து முடிந்துவிடும்.

முதல் புகார் 2020 டிசம்பரிலேயே வந்துவிட்டது. 2021 பெப்ரவரி கடைசியில் 25 வயது முன்னாள் உதவியாளர் ஒருவர் பத்திரிகையிடம் பேசினார். அதற்கு அடுத்த நாள் ஆளுநர் விட்ட அறிக்கையைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: நான் சொன்ன சில விஷயங்கள், விருப்பமில்லாத சரசமாகத் தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டுள்ளன என்பதை ஒப்புக்கொள்கிறேன், யாராவது அப்படி உணர்ந்திருந்தால் அதற்காக உண்மையாகவே வருந்துகிறேன்.

இதை வாசித்தபோது எனக்கு வேறொரு கடிதம் ஞாபகம் வந்தது. (அந்தப் பெண்ணிடம் அனுமதி வாங்கி, அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன்.) அவர் ஒரு நிறுவனத்தில் வேலை செய்தவர். வெளிக்களப் பயணம் ஒன்றில், வாகனத்தின் பின் இருக்கையில் மேலதிகாரி அவருடைய கையைப் பிடித்தார். இவர் இழுத்தார், அவர் விடவில்லை. முறைப்பாடு, உள்ளக விசாரணை, நாலு மாதம். கடைசியில் ஒரு மன்னிப்புக் கடிதம். அதை அடையாள அட்டைப் பிரதிக்கும் சாதாரண தரப் பெறுபேற்றுக்கும் நடுவில், பிளாஸ்ரிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தார். “வாசிக்க வாசிக்க எனக்குத்தான் குற்றம் மாதிரிக் கிடக்கு மிஸ். ஏனெண்டு தெரியேல்லை” என்று நீட்டினார்.

‘அன்றைய தினம் என்னால் கூறப்பட்ட சில வார்த்தைகள் தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டு, அதனால் தங்கள் மனம் புண்பட்டிருப்பின், அதற்காக மனம் வருந்துகின்றேன்.’ கீழே பிரதிகள்: ஐந்து பேருக்கு.

பென்சிலை எடுத்து இரண்டு பேருமாக வினைச்சொற்களுக்குக் கீழே கோடு போட்டோம். கூறப்பட்ட. விளங்கிக்கொள்ளப்பட்டு. புண்பட்டிருப்பின். எல்லாவற்றிலும் ஒரு ‘பட்டு’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. சொன்னவர் யார், விளங்கிக்கொண்டவர் யார் என்று தேட வேண்டும். ‘நான்’ செய்கிற ஒரே வேலை கடைசியில் வருந்துவதுதான். மனம் புண்பட்டதுகூட ‘இருப்பின்’ என்ற சந்தேகத்தோடு நிற்கிறது. அவர் முறைப்பாடு செய்தது கையைப் பற்றி. கடிதத்தில் வார்த்தைகள் மட்டும்தான் இருக்கின்றன. வசனம் முழுவதிலும் கை எங்கேயும் இல்லை. பிழை விட்டவளாக அதில் மிஞ்சுவது தவறாக விளங்கிக்கொண்டவள் ஒருத்திதான். அவருக்கு ஏன் குற்றம் மாதிரிக் கிடந்தது என்று விளங்கிவிட்டது. ஆளுநரின் ஆங்கில அறிக்கையிலும் இதே தச்சுவேலைதான். இந்த மேலதிகாரி அதைப் பார்த்து எழுதியிருக்க மாட்டார். பார்த்து எழுதத் தேவையும் இல்லை.

சரி, ஆளுநரிடம் திரும்புவோம். 2021 ஓகஸ்ட் 3ஆம் திகதி மாநிலச் சட்டமா அதிபர் லெற்றீசியா ஜேம்ஸ் 165 பக்க அறிக்கையை வெளியிட்டார். 179 பேரிடம் விசாரித்து, ஆளுநர் 11 பெண்களுக்குப் பாலியல் தொந்தரவு கொடுத்ததாக அது முடிவு சொன்னது. அன்றைக்கே ஆளுநர் ஒரு ஒளிப்பதிவை விட்டார். அதில் அவர் ஆண், பெண், கிழவர், இளையவர் என்று பலரின் கன்னத்தைப் பிடித்து முத்தம் கொடுக்கிற படங்கள் வரிசையாக ஓடின. நான் எல்லாரோடும் இப்படித்தான், என் தாய் தகப்பனும் இப்படித்தான் என்றார்.

இந்த இடத்தை நான் பலமுறை போட்டுப் பார்த்தேன். அறிக்கையில் இருந்த கடுமையான குற்றச்சாட்டு, ஆளுநர் இல்லத்தில் ஒரு பெண் உதவியாளரின் ஆடைக்குள் கைவைத்தார் என்பது. அதை மறுக்க அவர் ஒருசில வசனங்கள் சொன்னார்; கன்னத்து முத்தத்துக்கு ஒரு படக்காட்சியே வைத்தார். மலிந்த சாமானைக் கடைவாசலில் அடுக்கிவைக்கிற மாதிரி, பதில் சொல்லச் சுகமான குற்றச்சாட்டை முன்னுக்கு இழுத்துவிட்டால் பார்க்கிறவர்கள் அதைப் பற்றியே வாதாடுவார்கள். சின்னம்மாவும் அதைத்தான் செய்தார்: “கொஞ்சினதுக்கே இவ்வளவு ஆர்ப்பாட்டம்?” எங்கள் பக்கத்தில் படக்காட்சிக்குப் பதிலாகப் பொன்னாடைப் படங்கள் வரும். முகநூலில் பரிசளிப்பு விழா, ஊனமுற்ற பிள்ளைக்குச் சக்கர நாற்காலி கொடுத்த படம், கீழே ‘ஐயா போல ஒருவர் உண்டா’. பகலில் சனத்துக்கு நடுவில் எடுத்த படம், பூட்டிய அறைக்குள் நடந்ததற்கு எப்படிச் சாட்சியாகும்?

ஜெனிபர் பிரைட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1997இல் இந்தப் போக்குக்கு ஒரு பெயர் வைத்தார். ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து டார்வோ (DARVO) என்பார்கள். முதலில் மறுப்பது, பிறகு சொன்னவரைத் தாக்குவது, அப்புறம் பாதிக்கப்பட்டவர் இருக்க வேண்டிய கதிரையில் தான் ஏறி உட்கார்ந்துவிடுவது. நியூயோர்க்கில் இரண்டாவது படிதான் எனக்கு அதிகம் பயம் தந்தது. முதலில் பேசிய பெண்ணின் இரகசிய அலுவலகக் கோப்புகள் சில நாட்களுக்குள் பத்திரிகையாளர் கைக்குப் போயின. அவரைக் குறைசொல்லும் கடிதம் ஒன்றை எழுதி, பழைய ஊழியர்களின் கையெழுத்துக்காகச் சுற்றுக்கு விட்டார்கள். கடைசியில் அது வெளிவரவில்லை. ஆனால் அந்த வரைவு குறித்து ஆலோசனை சொன்னவர்களில், பெண்களுக்காக நின்ற ஒரு பெரிய அமைப்பின் தலைவியான சட்டத்தரணியும் இருந்தார்! அது தெரியவந்ததும் அவர் பதவி விலகினார். ஆளுநரின் தம்பி, தொலைக்காட்சியில் பெயர்பெற்றவர், அண்ணனுக்குப் பின்னால் நின்று உதவியதால் 2021 டிசம்பரில் வேலை இழந்தார்.

இதனால்தான் ‘அவர் நார்சிசிஸ்ட்தானே மிஸ்?’ (தன்னையே பெரிதாக நினைக்கிற ஆளுமைக் கோளாறு உள்ளவர்தானே) என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. 1964இல் ஓர் அமெரிக்கச் சஞ்சிகை, ஜனாதிபதி வேட்பாளர் பரி கோல்ட்வோட்டரின் மனநிலையைப் பற்றி மனநல வைத்தியர்களிடம் வாக்கெடுத்தது. அவரைக் கண்ணால் காணாமலே 1,189 பேர் அவர் பதவிக்குத் தகுதியற்றவர் என்று எழுதிக்கொடுத்தார்கள். அவர் வழக்குப் போட்டு வென்றார். 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம், நேரில் பரிசோதிக்காத ஒருவருக்கு நோய்ப்பெயர் சூட்டக்கூடாது என்று விதியே போட்டது. நான் வைத்தியரும் இல்லை. அதைவிட, ஒருவருக்கு நோய்ப்பெயர் வைத்துவிட்டால் கோப்பை எடுத்துக் கொடுத்தவரும் கடிதத்தைத் திருத்தியவரும் ‘அவர் அப்படிப்பட்டவர், நாங்கள் என்ன செய்வது’ என்று நழுவிவிடுவார்கள். கடிதம் கொண்டுவந்த அந்தப் பெண் போன வாகனத்தின் முன் இருக்கையில் இருந்த சாரதி விசாரணையில் சொன்னது: “நான் றோட்டைத்தான் பாத்தனான்.” அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது, சம்பளம் வேண்டும். என்றாலும் அந்த வசனம் என்னை விட்டுப் போகவில்லை.

குவோமோ ஓகஸ்ட் 10இல் பதவி விலகலை அறிவித்தார். என் மனதில் நான் எவரிடமும் கோட்டைத் தாண்டவில்லை, கோடு எவ்வளவுக்கு நகர்த்திக் கீறப்பட்டுவிட்டது என்பதை நான் உணரவில்லை என்றார். பாருங்கள், இங்கேயும் ‘கீறப்பட்டு’. எமி விருதையும் அந்த மாதமே திருப்பி எடுத்தார்கள். குற்றவியல் வழக்கில் அவர் தண்டிக்கப்படவில்லை. தொந்தரவு கொடுக்கவில்லை என்றே இன்றும் சொல்கிறார். 2024 ஜனவரியில் மத்திய நீதித் திணைக்களம், குறைந்தது 13 பெண் ஊழியர்கள் பாதிக்கப்பட்டதாகச் சொன்னது. 2025இல் அவர் நியூயோர்க் நகர மேயர் தேர்தலில் நின்று தோற்றார்.

‘ஏன் அப்பவே சொல்லேல்லை?’ என்ற கேள்விக்கு எங்கள் பக்கத்திலேயே ஒரு நல்ல பதில் இருக்கிறது. இந்தியாவின் இணையமைச்சராக இருந்த எம்.ஜே. அக்பர், தன்மேல் குற்றம் சொன்ன பத்திரிகையாளர் பிரியா ரமணி மீது 2018இல் அவதூறு வழக்குப் போட்டார். 2021 பெப்ரவரி 17இல் டில்லி நீதிமன்றம் ரமணியை விடுவித்தது. எத்தனை ஆண்டு கழித்தும், தான் விரும்பும் எந்த இடத்திலும் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்றது தீர்ப்பு. இதை அச்செடுத்து வைத்திருக்கிறேன். சில தாய்மாருக்கு வாசித்துக் காட்டியுமிருக்கிறேன்.

எங்கள் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995 திருத்தத்துக்குப் பிறகு, அதிகாரத்தில் இருப்பவர் வேலைத்தளத்திலோ வேறெங்குமோ வார்த்தையாலோ செயலாலோ கொடுக்கும் பாலியல் தொந்தரவைக் குற்றம் என்கிறது. ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. ‘சும்மா வாயால சொன்னதுதானே’ என்பவர்களுக்காக அந்த ‘வார்த்தையாலோ’ என்ற சொல்லை நான் அழுத்தி வாசிப்பேன். பெண்களுக்கான 1938, பிள்ளைகளுக்கான 1929 என்ற இரண்டு இலக்கங்களையும் போனில் பதிந்துவைக்கச் சொல்வேன். நடந்ததை அன்றைக்கே திகதி, நேரம், இடத்தோடு ஒரு கொப்பியில் எழுதிவைக்கச் சொல்வேன்; எழுதும்போது ஒவ்வொரு வசனத்திலும் யார் என்ன செய்தார் என்பது இருக்க வேண்டும்.

அந்தக் கடிதத்தோடு வந்தவருக்கும் அதைத்தான் சொன்னேன். கடிதம் எப்படி வந்திருக்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல நான் ஒரு தாளில் எழுதினேன். ‘வாகனத்தில் நான் உங்கள் கையைப் பிடித்தேன். நீங்கள் இழுத்தபோதும் விடவில்லை. அது என் பிழை.’ வாங்கிச் சத்தமாக வாசித்தார். “இதைத்தானே மிஸ் நான் விசாரணையில சொன்னனான். அவ்வளவும்தான்” என்றார். பிறகு கடிதத்தில் இருந்த ஐந்து பிரதிகளின் பெயர்களையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். அந்த ஐந்து பேருக்கும் தன் பக்கக் கடிதம் ஒன்று போக வேண்டுமாம். நான் எழுதிய தாளை மேசையிலேயே விட்டுவிட்டு எழும்பினார். வீட்டுக்குப் போய்த் தானே எழுதப்போவதாகச் சொன்னார். என் கையெழுத்து ஒருவருக்கும் விளங்காதாம்.