எலக்ட்ரானுக்கு ஊட்டியது யார்?

'எண்ணெய் வீழ்ச்சிச் சோதனை மூலம் எலக்ட்ரானின் கட்டணத்தை மில்லிகன் அளந்தார்' என்று ஒரு காணொளியில் தமிழ் வரி ஓடியது. மில்லிகன் என்ற இயற்பியலாளர் எண்ணெய்த் துளிகளை வைத்துச் செய்த சோதனை அது. ஆங்கில 'டிராப்', அதாவது துளி, வீழ்ச்சியானது; மின் 'சார்ஜ்' கட்டணமானது. இது மொழிபெயர்ப்பு இயந்திரம் அடித்த கூத்து, சிரித்துவிட்டுப் போகலாம். என் சண்டை, இந்தச் சார்ஜுக்கு மனிதர்கள் உட்கார்ந்து யோசித்து வைத்த 'மின்னூட்டம்' என்ற சொல்லோடுதான்.

சார்ஜ் என்பதன் வேர், லத்தீனில் வண்டியைக் குறிக்கும் 'கார்ரஸ்'. வண்டியில் பாரம் ஏற்றுவது என்ற பொருள் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பது, ஒருவர் தலையில் செலவைக் கட்டுவது என்று கிளைவிட்டது. கட்டணமும் அதே வண்டியில் வந்ததுதான்! ஆக, அடிப்பொருள் சுமை. 'மின்சுமை' என்ற சொல்லும் நம்மிடம் இருக்கிறது, அதை ஏன் ஓரங்கட்டினோம் என்றுதான் புரியவில்லை.

'உண்' என்பதன் பிறவினை 'ஊட்டு'. ஊட்டம் என்றால் ஊட்ட ஒருவர், உண்ண ஒருவர் வேண்டும். மில்லிகனின் துளிக்கு இது சரி. தெளிப்பானிலிருந்து பீய்ச்சும்போதே உராய்வில் அதற்குக் கொஞ்சம் சுமை வந்துவிடும், எக்ஸ் கதிரால் காற்றை அயனியாக்கினால், அதாவது காற்றின் துகள்களுக்கே சுமை வரச் செய்தால், அது கூடும், குறையும். இரண்டு தகடுகளுக்கு நடுவே, தொலைநோக்கியில் நட்சத்திரம்போல மினுங்கும் அந்தத் துளி மின்புலம் இல்லாதபோது மெல்ல இறங்கும், புலத்தைக் கொடுத்தால் ஏறும், நடுவில் ஒரு அயனி வந்து ஒட்டினால் சட்டென்று வேகம் மாறும். அப்படிச் சுமை மாறுவதெல்லாம் எப்போதும் ஒரே அளவின் முழு மடங்காகத்தான். அந்த அளவு 1.602 × 10⁻¹⁹ கூலோம் (1913-ல் அவர் சொன்னது 1.592, காற்றின் பாகுநிலையை, அதாவது துளியை இழுத்துப் பிடிக்கும் தன்மையை, குறைத்து எடுத்ததால் வந்த பிசகு). இந்த அளவு சுமை எலக்ட்ரானோடு கூடப்பிறந்தது. யாரும் ஊட்டவில்லை, யாராலும் பிடுங்கவும் முடியாது. துளிக்கு ஊட்டலாம் சரி, எலக்ட்ரானுக்கு ஊட்டியது யார்?

மின்சாதனங்கள் இழுக்கும் லோடும் சுமைதானே, குழம்பாதா என்பார்கள். அதற்குப் பளு என்ற சொல் சும்மாதான் கிடக்கிறது, மின்பளு என்று எழுதிக்கொள்ளட்டும். இலங்கைப் பாடநூல்களின் 'ஏற்றம்' வண்டிக்கு நெருக்கமானது, எனக்குப் பிடிக்கவும் செய்கிறது, ஆனால் அதுவும் ஒரு செயலின் பெயர். கைப்பேசிக்கு மின்னேற்றலாம், எலக்ட்ரானுக்கு என்ன ஏற்றுவது?

அப்புறம், 1891-ல் ஸ்டோனி என்ற இயற்பியலாளர் 'எலக்ட்ரான்' என்று பெயர் வைத்தது துகளுக்கே இல்லை, இந்தச் சுமையின் அடிப்படை அலகுக்கு. துகள் பின்னால் வந்து பெயரைப் பிடித்துக்கொண்டது.

இதையெல்லாம் மொழிபெயர்ப்பாளர்களிடம் சொல்லிப் பயனில்லை. ஒரே பாடத்தில் துளிக்கு மின்னூட்டம், எலக்ட்ரானுக்கு மின்னேற்றம், கணக்கில் மின்சுமை என்று மூன்றையும் கலந்து வைக்கிறார்கள். மூன்றும் வேறுவேறா என்று கேட்கும் பிள்ளைக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.