இறைமறுப்பு: கண்முன் நிற்கும் கடவுளை மறுப்பவருக்கு என்ன பெயர்?

நாத்திகம் என்ற சொல்லுக்குச் சேலத்தில் விளக்கம் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கும் வேலை. 1944 ஆகஸ்ட் 27 அன்று இந்த ஊரில் நடந்த மாநாட்டில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது. 1971இல் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடந்து நாடெங்கும் சர்ச்சையானதும் இங்கேதான். அதே ஊரில் ஆடி பிறந்தால் கோட்டை மாரியம்மனைப் பார்க்கக் கூட்டம் நெரியும். குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை என்று கடவுளர் வேடமிட்டவர்கள் அலங்கார வண்டிகளில் பவனி வருவார்கள். இரு தரப்புக்கும் இடையே நிற்கும் கேள்வி ஒன்றுதான்: கடவுள் இருக்கிறாரா, இல்லையா?

அந்தக் கேள்விக்கே இடமில்லாத உலகங்களும் உண்டு. மிகுபுனைவுக் கதைகளிலும், பகடை உருட்டி ஆடும் கதைப்பாத்திர விளையாட்டுகளிலும் பூசாரி மந்திரம் சொன்னால் வெட்டுக்காயம் மூடிக்கொள்கிறது. தெய்வம் நேரில் வந்து பேரம் பேசுகிறது. அப்படியொரு விளையாட்டின் விதிகளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கும் என் அக்கா மகன் கேட்டான்: "மாமா, என் பாத்திரம் ஒரு நாத்திகன். ஆனால் போன ஆட்டத்தில் ஒரு தேவியோடு நேருக்கு நேர் நின்று வாதாடினான். அவனை நாத்திகன் என்றே எழுதலாமா?"

கூடாது என்பது என் கட்சி. 'ந அஸ்தி', அதாவது 'இல்லை' என்ற வடசொல் தொடரிலிருந்து பிறந்தது நாஸ்திகம், தமிழில் நாத்திகம். 'இல்லை' என்பது அதன் வேரிலேயே இருக்கிறது. எது இல்லை என்பதை மட்டும் அந்த வேர் சொல்லவில்லை. மனுதர்மம் வேதத்தை நிந்திப்பவனை நாத்திகன் என்றது. அதனால்தான் படைத்தவன் ஒருவன் வேண்டும் என்று கருதாத சாங்கியம், மீமாம்சை என்ற தத்துவப் பிரிவுகளும் ஆத்திகப் பட்டியலில் இடம்பிடித்தன. சமணமும் பௌத்தமும் வெளியே நிறுத்தப்பட்டன. 'நாத்திகம் பேசி நாத்தழும்பு ஏறினர்' என்று மாணிக்கவாசகர் பாடும்போது அந்தச் சொல் தமிழில் வசைச்சொல்லாகவே நிலைபெற்றிருந்தது. அதைப் பெருமையோடு சூடிக்கொண்டவர்கள் இருபதாம் நூற்றாண்டுக்காரர்கள்.

கிரேக்கத்தின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். 'அதியோஸ்' என்றால் தெய்வமற்றவன். ரோமானியர்கள் தொடக்கக் காலக் கிறித்தவர்களையே அப்படி ஏசினார்கள். ஊர்த் தெய்வங்களுக்குப் படையல் வைக்காததுதான் குற்றம். உள்ளத்தில் எதை ஏற்றார்கள் என்பது இரண்டாம் பட்சம்.

தமிழில் நாத்திகத்துக்கு இணையாக எழுதப்படும் இறைமறுப்பு என்ற சொல்லைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். குற்றச்சாட்டை மறுத்தான் என்றால் அது உண்மையில்லை என்றான். விருந்தை மறுத்தான் என்றால்? விருந்து இருக்கிறது, இலையும் போட்டாயிற்று, அவன் உட்கார மாட்டேன் என்கிறான். 'மறு' என்ற வினைக்கு இந்த இரண்டு முகங்களும் உண்டு. நம் காலத்து மேடைகளில் முதல் முகம் மட்டுமே வெளிச்சத்தில் நின்றது. மிகுபுனைவு உலகத்துக்கு வேண்டியது இரண்டாவது.

'இறை' இன்னும் சுவையானது. இறைவன் என்ற சொல் அரசனுக்கும் உரியது. முறைசெய்து காப்பாற்றும் மன்னவன் 'மக்கட்கு இறையென்று வைக்கப் படும்' என்கிறது குறள். இறை என்றால் வரியும்கூட. கோயிலுக்கு விடப்பட்ட வரியில்லா நிலத்தைக் கல்வெட்டுகள் இறையிலி என்கின்றன. ஆகவே இறைமறுப்பை 'உன் ஆட்சியை ஏற்கமாட்டேன், உனக்கு வரி கட்டமாட்டேன்' என்றும் படிக்கலாம். அரசன் இல்லை என்று யாரும் வரி மறுப்பதில்லை. அரசன் இருப்பதால்தானே மறுக்கிறார்கள்?

1974இல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் உலகங்களுக்கு இந்தப் பொருள் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. அவற்றுள் ஒன்றான ஃபர்காட்டன் ரெல்ம்ஸில் வழிபாடே தெய்வங்களின் வலிமை. எந்தத் தெய்வத்தையும் வணங்காமல் செத்தவரின் உயிரை மறுமை நகரத்தின் மதிலில் கல்லோடு கல்லாக வைத்துப் பூசிவிடுவார்கள். வரி கட்டாதவனுக்கு விதிக்கும் தண்டனை மாதிரிதான் இருக்கிறது. அந்த உயிர்களுக்கு 'நம்பிக்கையற்றோர்' என்று பெயர் வைத்திருந்தான் மருமகன். தமிழில் நம்பிக்கையற்றவன் மனமுடைந்தவன். மதிலில் பூசும்வரை அவர்களுக்கு அப்படியொரு சோர்வும் இல்லை. இறையிலி என்று எழுதச் சொன்னேன். கல்வெட்டில் நிலத்தைக் குறித்த சொல்லை ஆளுக்கு ஏற்றுவது என் துணிச்சல்தான்; பழைய சொல்லைப் பெட்டியில் பூட்டி வைப்பதைவிட இது மேல்.

அதே விளையாட்டின் இன்னோர் உலகமான பிளேன்ஸ்கேப்பில் வரும் அதார் கூட்டத்தாரைத்தான் இறைமறுப்பாளர் என்ற பெயர் மிகச் சரியாகக் குறிக்கும். தெய்வங்கள் என்று சொல்லிக்கொள்பவை இருக்கின்றன, வல்லமையும் அவற்றுக்கு உண்டு, ஆனால் வணங்கத் தக்கவை அல்ல என்பது அவர்கள் வாதம்.

தெய்வத்தை வெறுப்பவன் வேறு வகை. மேலைநாட்டார் வெறுப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை முன்னொட்டாக வைத்து அதை மிசோதீயிசம் என்பார்கள். தெய்வப்பகை என்பது நல்ல தமிழ். இதற்கு நம்மிடம் இரணியன் இருக்கிறான். அவனை நாத்திகன் என்று மேடையில் சொல்லக் கேட்டிருக்கிறேன், பொருந்தாது. தம்பியைக் கொன்றவனைப் பழிவாங்கத் தேடுகிறவன், அவன் இல்லை என்று எப்படிச் சொல்வான்? தூணைக் காட்டி அவன் கேட்டதும் 'எங்கே' என்ற கேள்விதான்.

நக்கீரரை எந்த வரிசையிலும் சேர்க்க முடியாது. நெற்றிக்கண்ணைத் திறந்த பிறகும் குற்றம் குற்றமே என்று நின்றதாகக் கதை. அவர் மறுத்தது கடவுளை அல்ல, கடவுளின் பாட்டை. ஒரு வீட்டில் சாப்பறையும் இன்னொரு வீட்டில் மணமுழவும் ஒலிப்பதைக் கேட்டு, 'படைத்தோன் மன்ற அப் பண்பிலாளன்' என்று பாடிய புறநானூற்றுப் புலவரும், பிச்சை எடுத்துத்தான் வாழவேண்டும் என்றால் உலகைப் படைத்தவன் அலைந்து கெடட்டும் என்ற வள்ளுவரும் அப்படித்தான். படைத்தவன் இருக்கிறானா என்று அவர்கள் விசாரிக்கவில்லை. அவன் நடத்தையை விசாரிக்கிறார்கள். இதை இறைப்பழிப்பு எனலாம்.

மணிமேகலைக்கு வருவோம். மணிமேகலா தெய்வம் பெண்ணைத் தூக்கிக்கொண்டு தீவுக்குப் போகிறது, தூணில் இருக்கும் பாவை வாய்திறந்து எதிர்காலம் சொல்கிறது. அத்தகைய உலகில், வஞ்சி நகரில், இம்மையைத் தவிர வேறில்லை என்று, நிலம், நீர் போன்ற பூதங்களே எல்லாம் எனும் பூதவாதி ஒருவன் பேசுகிறான். முற்பிறப்பை அறிந்தவர் உண்டே என்று மணிமேகலை நகைக்கிறாள். அது தெய்வ மயக்கம், கனவு போன்றது என்கிறான் அவன். உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிவாய் என்று அவள் மடக்குகிறாள். வாதத்தில் தோற்றாலும் பூதவாதியின் பதில் எனக்குப் பிடிக்கும். தெய்வம் கண்முன் வந்தாலும் கண்ணையே சந்தேகிக்கத் தெரிந்தவன் அவன். அவனை மட்டும் மிகுபுனைவு உலகிலும் நாத்திகன் என்று கூசாமல் எழுதலாம். உலகாயதன், அதாவது கண்ணால் காணும் உலகையே மெய்யென்று கொள்பவன், என்றாலும் சரியே.

இனி நம்பிக்கை. தெய்வம் நேரில் வரும் ஊரில் அதை நம்புவதில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். ஏற்காட்டுக்கு மேலே சேர்வராயன் குகைக் கோயில் இருக்கிறது. மலைக்கும் சாமிக்கும் ஒரே பெயர். மே மாதத் திருவிழாவுக்கு ஏறிவரும் மலைவாழ் மக்களிடம் சேர்வராயன் இருப்பதற்கு யாரும் சான்று கேட்டதில்லை. சேலத்தில் மொட்டை மாடி ஏறினாலே மலை தெரிகிறது. அவர்கள் மலையை நம்புகிறார்கள் என்றால் மழைக்கும் விளைச்சலுக்கும் அதைச் சார்ந்து நிற்கிறார்கள் என்று பொருள். 'நம்பும் மேவும் நசையாகும்மே' என்கிறது தொல்காப்பியம். நம்பு என்றால் விருப்பம். மகனை நம்பியிருக்கிறேன் என்று சொல்லும் தாய்க்கு மகன் இருப்பதில் ஐயமில்லை. கைவிடுவானா என்பதே கேள்வி.

ஆகவே அந்த விதிப்புத்தகத்தில் பூசாரிப் பாத்திரத்தின் பக்கத்தில் 'தெய்வ நம்பிக்கை' என்ற சொல் அப்படியே இருக்கலாம். தேவியோடு வாதாடியவன் பக்கத்தில் 'இறைமறுப்பாளன்' என்று வரட்டும். அடுத்த ஆட்டத்தில் அவன் வாளை உருவினால் தெய்வப்பகைவன் என்று மாற்றிக்கொள்ளலாம்.